மேடையே தொழிலாக

பேச்சு என்பது பிறவியிலேயே ஒருவனுடைய நாவில் வந்து அமரவேண்டிய வரம் என்றும், அந்த வரத்தைப் பெற்றவன் அதற்கு விலை பேசுவது அழகாகாது என்றும் இரண்டு அபிப்பிராயங்கள் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றிக் கிடக்கின்றன. கோயில் திருவிழா, இலக்கியக் கழகத்து ஆண்டுவிழா, பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு, மணிவிழா, நூல் வெளியீடு, புத்தகக் கண்காட்சியின் மாலை நிகழ்ச்சி என்று ஆண்டு முழுவதும் மேடைகளுக்குக் குறைவே இல்லாத இந்த நாட்டில், பேச்சு ஒன்றையே ஜீவனோபாயமாகக் கொண்டு குடும்பத்தைக் கௌரவமாக நடத்துகிறவர்கள் மிகச் சிலராகவே இருப்பதற்கு, இவ்விரண்டு அபிப்பிராயங்களே பெரும்பாலும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வரம் என்று நம்புகிறவன் உழைப்பதில்லை. விலை பேசக் கூசுகிறவன் கணக்குப் பார்ப்பதில்லை. பேச்சைத் தொழிலாகவே நடத்திக் காட்டியவர்களுடைய சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தாலோ, அவர்களில் பலர் பிறவிப் பேச்சாளர்களாக இருந்திருக்கலாம் ஆயினும், அவர்களுக்குச் சோறு போட்டது அந்தப் பிறவிக்குணம் அன்று, ஒரே பேச்சை நூறு ஊர்களில் நூறு முறை பேசிப் பேசிச் செப்பனிட்ட உழைப்பே என்பது விளங்கும்.

இந்தத் தொழில் ஒழுங்கான வியாபாரமாக உருப்பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில். அங்கே 1826ஆம் ஆண்டு மாசசூஸெட்ஸ் மாநிலத்தின் மில்பரி என்ற சிற்றூரில் ஜொசையா ஹோல்புரூக் என்பவர், வேலை முடிந்த மாலை நேரத்தில் ஊரார் கூடி அறிவு விஷயங்களைக் கேட்பதற்கென்று ‘லைசியம்’ என்னும் சங்கத்தைத் தொடங்க, அது ஊருக்கு ஊர் பரவி, குளிர்காலம் வந்தால் வாரம் ஒரு பிரசங்கம் என்ற வழக்கம் நிலைத்துவிட்டது. எமர்சன் தம்முடைய பாதிரிப் பதவியைத் துறந்தபின் ஏறக்குறைய 1,500 பிரசங்கங்கள் செய்து வாழ்ந்ததும், பின்னர் உலகம் போற்றிய அவருடைய கட்டுரைகளிற் பல முதலில் அந்த மேடைகளில் வாய்மொழியாகப் பிறந்ததும் இந்தச் சங்கங்களின் புண்ணியத்தால்தான். ஆனால் அக்காலத்துப் பேச்சாளர் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊர்க் காரியதரிசிக்கும் தாமே கடிதம் எழுதி, தேதி பேசி, ரயில் பார்த்து, பனியில் நடுங்கி, சிலசமயம் சன்மானம் வாங்கவும் மறந்து திரும்பினார். இந்தத் தொல்லைகளையெல்லாம் கவனித்த ஜேம்ஸ் ரெட்பாத் என்ற பத்திரிகையாளர் 1868இல் பாஸ்டன் நகரத்தில் ஓர் அலுவலகத்தைத் திறந்து, பேச்சாளருக்கும் சங்கத்துக்கும் நடுவில் நின்று, தேதிகளையும் தொகையையும் பயணத்தையும் தாமே பார்த்துக்கொண்டு, கிடைக்கும் சன்மானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தமக்கு எடுத்துக்கொண்டார். பேச்சாளருக்கு மிஞ்சியது பேசுகிற வேலை ஒன்றுதான். அதற்குப் பிறகே பேச்சு ஒரு தொழிலாயிற்று என்று சொல்லலாம்.

ரெட்பாத்துக்கு அந்த யோசனை உதித்ததற்குக் காரணமாக இருந்தவர் சார்லஸ் டிக்கன்ஸ். நாவலாசிரியர் என்று மட்டுமே நாம் அறிந்திருக்கும் டிக்கன்ஸ், 1858ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் லண்டனில் தம் கதைகளைக் கட்டணம் வைத்து மேடையில் வாசிக்கத் தொடங்கி, அதன்பின் 400க்கு மேற்பட்ட முறை மேடை ஏறினார். 1867 டிசம்பரிலிருந்து சில மாதங்கள் அமெரிக்காவில் நடத்திய 76 வாசிப்புகளில் மட்டும், செலவு போக ஏறக்குறைய 19,000 பவுன் அவருக்கு மிஞ்சிற்று. சீட்டு வாங்குவதற்காக ஜனங்கள் கடுங்குளிரில் இரவெல்லாம் தெருவில் படுத்துக் கிடந்தார்கள். வாசிப்புத்தானே, கையில் புத்தகம் இருக்கிறதே, இதில் என்ன பிரமாதம் என்று யாரேனும் எண்ணினால், அவர் செய்த ஆயத்தங்களைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். ‘டாக்டர் மேரிகோல்ட்’ என்ற ஒரு சிறுகதையைச் சபைக்கு முன் கொண்டுவருமுன் இருநூறு தடவைக்கு மேல் அவர் ஒத்திகை பார்த்தார். வாசிப்புக்கென்று தனியே கட்டிய பிரதிகளில், இந்த இடத்தில் குரல் தாழவேண்டும், இந்த இடத்தில் கை உயரவேண்டும் என்று ஓரங்களில் குறித்து, வாக்கியங்களை அடித்து, சுருக்கி, மறுபடி ஒட்டி வைத்திருந்தார். மேடைக்கு வரும்போதோ அவையெல்லாம் மனப்பாடமாகிப் புத்தகம் வெறும் அலங்காரமாக நின்றது. மேஜை தம்முடைய உயரத்துக்கும் கை அசைவுக்கும் தக்கதாக அவரே சொல்லிச் செய்தது. முகத்தில் ஒளி விழும்படி அமைத்த எரிவாயு விளக்குகளும், குரல் பின்னால் சிதறாமல் முன்னே செல்வதற்காக நிறுத்திய திரையும் ஊர் ஊராக அவருடன் பிரயாணம் செய்தன. புதிய மண்டபத்துக்குப் போனால் முதல் வேலை, மேலாளர் டால்பியை மூலைக்கு மூலை நிற்கவைத்து, தாம் மெல்லப் பேசிப் பார்ப்பது. ஒலிபெருக்கி இல்லாத காலம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒலிபெருக்கி இருக்கிற இந்தக் காலத்தில், விழா தொடங்கியபின் மேடையேறி மைக்கைத் தட்டி “கேக்குதா?” என்று கேட்பவர்கள்தானே நம்மில் அதிகம்?

இதே டிக்கன்ஸின் முடிவு இத்தொழிலை நாடுகிறவர்கள் மறக்கக்கூடாத ஒன்று. 1869 ஜனவரியில் ‘ஆலிவர் டுவிஸ்ட்’ நாவலில் வரும் கொலைக் காட்சியை அவர் மேடைக்குக் கொண்டுவந்தபோது, சபையில் பெண்கள் மயங்கி விழுந்தார்கள் என்பதைவிடக் கவனிக்கவேண்டியது, பேசியவருடைய தேகம் பட்ட பாடு. சாதாரணமாக 72 ஆக இருந்த நாடித்துடிப்பு அந்தக் காட்சி முடியும்போது நூற்றைத் தாண்டுவதை மருத்துவர் குறித்து வைத்தார். சில மாதங்களில் அவர் நடுப் பிரயாணத்தில் தளர்ந்து, மிச்ச நிகழ்ச்சிகளை ரத்து செய்ய நேர்ந்தது. பிறகும் சபலம் விடவில்லை. விடைபெறும் வாசிப்புகள் என்று 1870இன் தொடக்கத்தில் மீண்டும் மேடையேறி, அதே ஆண்டு ஜூன் மாதம் காலமானார். ஒரு மணி நேரப் பேச்சு உட்கார்ந்து கேட்பவருக்கு ஓய்வு. நின்று பேசுகிறவருக்கு அது வயல் வேலை. தொண்டை, தூக்கம், வயிறு ஆகிய மூன்றையும் காத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் இத்தொழிலில் நீண்டநாள் நிலைப்பதில்லை. நள்ளிரவில் நிகழ்ச்சி முடித்து, விழாக்காரர் அன்போடு பரிமாறும் பரோட்டாவை உண்டு, பேருந்தில் விடியவிடிய அமர்ந்து வந்து, மறுநாள் மாலை இன்னோர் ஊரில் மாலை வாங்கிக்கொள்ளும் நம் பேச்சாளர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டால்பியின் நினைவு வரும். அப்படி ஒருவர் இவர்களுக்கும் இருக்கக்கூடாதா என்று.

டிக்கன்ஸ் நடிகர் வழி; மார்க் ட்வெயின் வழி வேறு. 1866 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோவில் ஹவாய்த் தீவுகளைப்பற்றி அவர் செய்த முதல் கட்டணப் பேச்சுக்கு முன், கூட்டம் வராது என்ற பயத்தில், சிரிப்பதற்கென்றே சில நண்பர்களை மண்டபத்தில் அங்கங்கே உட்காரவைத்தார் என்பதை அவரே பின்னாளில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். ரெட்பாத்தின் அலுவலகத்தில் சேர்ந்தபின் அவரும் மற்றவர்களும் கைக்கொண்ட ஒரு முறை மிகவும் அர்த்தமுள்ளது. புதிதாக ஆயத்தம் செய்த பேச்சை நேராகப் பாஸ்டனுக்குக் கொண்டுபோகமாட்டார்கள். சுற்றுப்புறச் சிற்றூர்களில் முதலில் பேசுவார்கள். எந்த இடத்தில் சபை நெளிகிறது, எந்த வேடிக்கைக்கு எவரும் சிரிக்கவில்லை, எங்கே இருமல் சத்தம் கேட்கிறது என்று பார்த்துப் பார்த்து வெட்டித் திருத்துவார்கள். அது உருண்டு திரண்ட பிறகே பாஸ்டன் மண்டபத்தில் அரங்கேற்றம். அங்கே கிடைக்கும் தீர்ப்பைப் பொறுத்தே மற்ற ஊர்க் காரியதரிசிகள் தேதி கேட்பார்கள். சிற்றூரில் பேசுவதைத் தாழ்வாக எண்ணி முதல் மேடையே தலைநகரத்து மேடையாக அமையவேண்டும் என்று ஆசைப்படுகிற இளைஞர்கள் இதைச் சிந்திப்பார்களாக.

ஞாபகத்துக்கு ட்வெயின் செய்த உபாயங்கள் தனிக் கதை. குறிப்புத்தாளில் வாக்கியங்களின் தொடக்கங்களை எழுதிவைத்துப் பார்த்தார். வரிகள் ஒன்றுபோலவே தோன்றியதால் எது முன், எது பின் என்று குழம்பியது. பிறகு பத்து விரல் நகங்களிலும் பத்து எழுத்துகளை மையால் எழுதிக்கொண்டு மேடையேறினார். நடுவே எந்த விரல் முடிந்தது, எந்த விரல் பாக்கி என்பது மறந்துபோயிற்று. முடிந்த எழுத்தை நக்கி அழித்துவிடலாம் என்றால் சபை என்ன நினைக்கும்? பேச்சைவிட நகத்திலேயே அவர் கண்ணாக இருந்ததைக் கண்டு, கூட்டம் முடிந்தபின் ஓரிருவர் வந்து, கைக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்களாம். கடைசியில், பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சிறு படம் வரைந்து கொண்டார். ஒரு வைக்கோற்போர், அதன் அடியில் நெளிகோடாக ஒரு பாம்பு, இப்படி. வரைந்த தாளைக் கிழித்து எறிந்த பிறகும் கண்ணை மூடினால் படங்கள் வரிசையாக நின்றன. வார்த்தைகளை மனப்பாடம் செய்தவன் ஒரு வார்த்தை தவறினால் நின்றுவிடுகிறான். காட்சிகளை மனத்தில் நிறுத்தியவனுக்கு வார்த்தை ஒவ்வொரு நாளும் புதிதாக வருகிறது. இதை எந்தப் பயிற்சிப் புத்தகத்தைவிடவும் அந்த வைக்கோற்போர் நன்றாகச் சொல்கிறது.

அவருடைய வாழ்வின் பிற்பகுதியில் பேச்சு அவரைக் காப்பாற்றியது. பதிப்பகமும், அச்செழுத்துக் கோக்கும் இயந்திரம் ஒன்றில் போட்ட பணமும் கைவிட, 1894இல் திவாலாகிப் போன ட்வெயின், சட்டப்படி முழுவதும் கொடுக்கவேண்டிய அவசியம் இல்லாதிருந்தும் கடன்காரர் எல்லோருக்கும் கடைசிக் காசுவரை தீர்ப்பது என்று உறுதிகொண்டு, 1895 ஜூலையில் உலகப் பேச்சுப் பிரயாணம் புறப்பட்டார். அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்த அந்தப் பருவத்தில் அமெரிக்காவின் வட பகுதி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று பேசிக்கொண்டே வந்து, 1896 ஜனவரியில் கொழும்பு வழியாகப் பம்பாய் வந்து இறங்கி, இந்தியாவில் பல நகரங்களில் பேசி, தென்னாப்பிரிக்காவுக்கும் போனார். 1898இல் கடன் முழுவதும் தீர்ந்தது. அந்த நெடும் பிரயாணத்துக்கு அவர் கொண்டுபோன சரக்கு எவ்வளவு என்று எண்ணுகிறீர்கள்? பல வருஷங்களாக அவர் சொல்லிவந்த கதைகளில் ஒரு சிறு பகுதி. அவற்றையே வரிசை மாற்றி மாற்றி வைத்தார்.

ஒரே பேச்சு என்று சொன்னேன். அதன் உச்சத்தைக் காணவேண்டுமானால் ரஸல் கான்வெல் என்ற பாதிரியாரிடம் போகவேண்டும். ‘வைர வயல்கள்’ என்று தமிழில் சொல்லத்தக்க ஒரே பிரசங்கத்தை அவர் ஏறக்குறைய 6,000 முறை செய்தார். வைரம் தேடி உலகமெல்லாம் அலைந்து மாண்ட ஒரு குடியானவன் விற்றுவிட்டுப் போன நிலத்திலேயே வைரம் கிடைத்தது என்பதே அதன் கதை. கோல்கொண்டாச் சுரங்கமே அந்த நிலம் என்று முடிப்பார். கதையின் சரித்திர உண்மையைப் பற்றி நமக்கு வழக்கு வேண்டாம். அதன் வரும்படியைக் கொண்டு ஏழை மாணவர்களைப் படிக்கவைத்தார், பிலடெல்பியாவில் அவர் தொடங்கிய டெம்பிள் கல்லூரி பல்கலைக்கழகமாக வளர்ந்தது என்பவை உண்மை. ஆறாயிரம் முறை ஒன்றையே சொன்னால் சொல்பவனுக்கே சலிக்காதோ? கான்வெல் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஓர் ஊரில் பேச்சு என்றால் சீக்கிரமே போய் இறங்கி, தபால் அலுவலகத்துக்காரர், நாவிதர், விடுதிக்காரர், பள்ளித் தலைமையாசிரியர், ஊர்ப் பாதிரிமார் ஆகியோரைப் போய்ப் பார்த்து, கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் நுழைந்து, அந்த ஊர் எதில் பிழைக்கிறது, எதில் கைநழுவவிட்டது என்று விசாரித்துக்கொண்டு, அந்தச் செய்திகளைக் கோத்தே மாலையில் பேசுவார். எலும்புக்கூடு ஒன்றே, சதையும் இரத்தமும் ஒவ்வோர் ஊரிலும் புதியவை. தம்முடைய நாவிதரின் பெயர் மேடையில் ஒலிக்கக் கேட்ட சபை, இது நமக்கென்றே செய்த பேச்சு என்று நம்பிற்று; அந்த நம்பிக்கை பொய்யும் ஆகாது.

நம் நாட்டில் இலக்கியப் பேச்சாளர் ஒருவர் சென்ற வருஷம் சொன்ன உதாரணத்தை இந்த வருஷமும் சொல்லிவிட்டால், “பழைய சரக்கு” என்று பின்வரிசையில் முணுமுணுப்புக் கேட்கிறது. அதற்கு அஞ்சி, ஒவ்வொரு மேடைக்கும் ஒரு புதுத் தலைப்பை ஒப்புக்கொண்டு, ஒன்றிலும் ஆழம் காணாமல், ரயிலில் வரும்போது நாலு துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து ஒப்பேற்றுகிறார்கள். ஆனால் இதே ஜனங்கள் உபந்நியாசகரிடம் இந்தக் குறையைச் சொல்வதில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். கந்தபுராணம் எல்லோருக்கும் தெரிந்த கதை. சூரபன்மன் மாமரமாக நிற்கப்போவது பாட்டிக்கும் பேரனுக்கும் தெரியும். தெரிந்ததை அவர் எப்படிச் சொல்லப்போகிறார் என்று கேட்கவே பந்தலுக்கு வருகிறார்கள். தமிழ்நாட்டில் பேச்சைத் தொழிலாக நடத்துவதற்கு ஏற்ற பழைய, உறுதியான அமைப்பு ஏதேனும் உண்டு என்றால் அது காலட்சேப, உபந்நியாச மரபுதான். ஏழு நாள், பதினைந்து நாள் என்று தொடர். ஒரே ஊரில் தங்கல். சபை அல்லது கோயில் நிர்வாகத்துடன் முன்கூட்டிய பேச்சு. பக்கமேளக்காரருக்குத் தனிப் பங்கு. கேட்கிறவர்களுக்கு நாளுக்கு நாள் கூடுகிற ருசி. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் மராத்தியக் கீர்த்தன முறையைத் தமிழ்ப் பழக்கத்துக்குத் தக்கபடி வகுத்துக்கொடுத்த காலத்திலிருந்து இந்த அமைப்பு நிலைத்திருக்கிறது. பெண் மேடையேறிக் கதை சொல்வதா என்ற எதிர்ப்புகளுக்கிடையே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சி. சரஸ்வதி பாய் புகழ் பெற்றதும் இதே அமைப்பில்தான்.

இந்த மரபின் சிகரம் திருமுருக கிருபானந்த வாரியார். 1906இல் வேலூருக்கு அருகே காங்கேயநல்லூரில் பிறந்து, தாமும் பிரசங்கியாகிய தந்தை மல்லையதாசரிடமே கல்வி கற்று, ஆயிரக்கணக்கான பாடல்களைப் பால்யத்திலேயே மனனம் செய்து, வீணையும் பயின்று மேடைக்கு வந்தவர். மனனம் என்றால் இக்காலத்தவருக்கு ஏளனமாகத் தோன்றுகிறது. ஆனால் எந்த இடத்தில் எந்தப் பாட்டு வேண்டுமோ அது அழையாமலே வந்து நிற்பதற்கு வேறு மார்க்கம் இல்லை. அவ்வளவு சரக்கை வைத்துக்கொண்டும் அவர் பேசியது வீட்டுத் திண்ணையில் பேசுகிற தமிழ். முன்வரிசையில் குழந்தைகளை உட்காரவைத்து, நடுநடுவே கேள்வி கேட்டு, சரியாகச் சொன்ன பிள்ளைக்கு ஒரு சிறு புத்தகத்தைப் பரிசாகக் கொடுப்பார். குழந்தைகள் கவனமாக இருந்தால் பெரியவர்கள் கவனிக்காமல் இருக்க முடியுமா? சபையை வசப்படுத்துவதில் இதைவிடச் சிறந்த சாமர்த்தியத்தை நான் அறியேன். 1936இல் தொடங்கி முப்பத்தேழு ஆண்டுகள் ‘திருப்புகழமிர்தம்’ என்ற மாதப் பத்திரிகையையும் அவர் நடத்தினார். மேடையில் கேட்டவர் வீட்டில் வாசித்தார், வீட்டில் வாசித்தவர் மேடைக்கு வந்தார். வருவாயில் பெரும்பகுதி கோயில் திருப்பணிகளுக்குப் போயிற்று. 1993 நவம்பரில் லண்டன் பிரயாணம் முடிந்து திரும்பும் வழியில், விமானத்திலேயே அவர் ஆயுள் முடிந்தது. எண்பத்தேழு வயதில் ஒருவர் கடல் கடந்து போய்ப் பேசிவந்தார் என்பதில், டிக்கன்ஸ் செய்யத் தவறிய தேக பரிபாலனம் அடங்கியிருக்கிறது.

உபந்நியாசம் கோயிலுக்குள் நின்றது; மற்ற மேடை எங்கிருந்து வந்தது என்றால், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைச் சொல்லவேண்டும். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்து, பாதிரிமாருடைய பிரசங்க முறையை நெருங்கிப் பார்த்தவர், அதே ஆயுதத்தைச் சைவத்துக்குப் பயன்படுத்த எண்ணி, 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். மறு ஆண்டே உத்தியோகத்தையும் விட்டார். பாட்டும் பக்கவாத்தியமும் இல்லாமல், உரைநடையில், ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பொதுமக்களுக்கு விளக்கும் தமிழ்ப் பேச்சு அந்த வழியாக வளர்ந்தது. பிறகு 1907 மே மாதத்தில் விபின சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் ஆங்கிலத்தில் முழங்கியதும், அடுத்தடுத்த ஆண்டுகளில் தமிழே அரசியல் மேடையின் மொழியானதும், திரு.வி.க.வும் ஜீவாவும் அண்ணாவும் அந்த மேடையில் எழுப்பிய அலைகளும் எல்லோரும் அறிந்தவை. அவர்கள் பேச்சைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர்; சிறைக்குப் போகும் வழியில் பேசியவர்கள். ஆகையால் அந்த வரலாற்றில் நான் தங்கப்போவதில்லை. அது நமக்கு விட்டுச்சென்ற ஒரு பழக்கத்தை மட்டும் சொல்லவேண்டும்: பேச்சு தியாகமாக இருந்த காலத்தின் நாணம் இன்றும் தொடர்ந்து, சன்மானத்துக்குப் பதிலாகப் பொன்னாடை போர்த்துகிறோம். பெரிய பேச்சாளர் வீட்டு அலமாரிகளில் அடுக்கி வைத்திருக்கும் பொன்னாடைகளைக் கொண்டு ஒரு ஜவுளிக்கடையே வைக்கலாம். அந்த மாதத்து மளிகைக் கணக்கைத் தீர்க்க அவற்றில் ஒன்றும் உதவாது.

கணக்கு என்றதும் சுவாமி விவேகானந்தர் நினைவுக்கு வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சென்னையில் பள்ளி ஆசிரியரான அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகத் திரட்டிய பணத்தின் துணையோடு அமெரிக்கா சென்று, 1893 செப்டம்பரில் சிக்காகோ சர்வமத மகாசபையில் பெயர் பெற்ற சுவாமிகள், அங்கே தங்குவதற்கும் இந்தியப் பணிகளுக்கும் பொருள் வேண்டி, ஸ்லேட்டன் என்ற பேச்சு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஊர் ஊராக அவரைப் பேசவைத்த அந்த நிறுவனம், அரங்கு நிறைந்து பெருந்தொகை வசூலான இடத்திலும் அவருக்குச் சொற்பமே தந்தது. ஏமாற்றப்படுவதை உணர்ந்த அவர் 1894இல் நஷ்டத்தோடு அந்தத் தளையை அறுத்துக்கொள்ள, டெட்ராய்ட் நகரத்து நண்பர்கள் உதவினார்கள். துறவிக்கே அந்த கதி என்றால் மற்றவர்களைக் கேட்கவேண்டுமோ! ரெட்பாத்தும் ஏஜெண்டுதான், ஸ்லேட்டனும் ஏஜெண்டுதான். வசூல் எவ்வளவு என்பதை இரு தரப்பும் பார்க்கும்படி கணக்கு இருந்ததா என்பதிலேயே வித்தியாசம்.

இன்றைய தமிழ்மேடையில் ஓரளவு இந்த அமைப்புக்கு நெருங்கி வருவது பட்டிமன்றம். குன்றக்குடி அடிகளார் காலத்தில் இலக்கிய விவாதமாகப் பெருமை பெற்று, காரைக்குடிக் கம்பன் கழகம் போன்ற மேடைகளில் வளர்ந்து, தொலைக்காட்சி வந்தபின் பண்டிகை தவறாத விருந்தாகிவிட்ட பட்டிமன்றத்தில், நடுவரே ஏற்பாட்டாளரும் ஆகிறார். விழாக்குழு நடுவரிடம் தேதி கேட்கிறது. அவர் தமக்குப் பழக்கமான பேச்சாளர்களை இரண்டு அணியாக அழைத்துவருகிறார். தொகை குழுவுக்கென்று பேசப்பட்டு, உள்ளே பங்கிடப்படுகிறது. புதியவர் ஒருவருக்கு மேடை கிடைப்பதற்கு இதைவிட நேரான வாசல் இப்போது இல்லை. அணியில் கடைசிப் பேச்சாளராக நுழைந்து, எட்டு நிமிஷத்தில் சபையைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கத் தெரிந்தால், அடுத்த தேதிக்கும் கூப்பிடுவார்கள். ஆனால் அந்த எட்டு நிமிஷமே பழகிப்போய், ஒரு மணி நேரம் ஒரே பொருளைத் தனியே நின்று விரிக்கும் ஆற்றல் வளராமற் போகிற அபாயமும் உண்டு. சிரிப்பை எதிர்பார்த்து வந்த சபை சிரிப்பை மட்டுமே கேட்கும். துணுக்கு தீர்ந்தால் பேச்சாளரும் தீர்ந்தார்.

ட்வெயினுக்கு ஒரு கோபம் இருந்தது. அவர் ஓர் ஊரில் பேசினால், மறுநாள் பத்திரிகையில் பேச்சின் சாரம் முழுவதையும் அச்சடித்துவிடுவார்கள். அடுத்த ஊரில் வேடிக்கையைச் சொல்லுமுன்பே சபைக்குத் தெரிந்திருக்கும். யூடியூப் காலத்தில் அந்தக் கோபத்தைப் பெருக்கிக்கொள்ளலாம். கைப்பேசியில் படம் பிடித்து அன்றிரவே ஏற்றிவிடுகிறார்கள். ஒரே பேச்சை நூறு முறை பேசுவது என்ற அடித்தளத்தையே இது ஆட்டுகிறது. இதற்கு விடை கான்வெல்லின் நாவிதரிடமும் வாரியாரின் முன்வரிசையிடமும் இருப்பதாக நான் கருதுகிறேன். படத்தில் பார்த்த கதையை நேரில் கேட்கவும் ஜனங்கள் வருவார்கள். நேரில் அந்த ஊரும் அந்தக் குழந்தையின் பதிலும் அன்றைக்கு நடந்த சங்கதியும் பேச்சுக்குள் வந்து சேரவேண்டும் என்பதே நிபந்தனை.

இத்தொழிலில் இறங்க விரும்பும் இளைஞர் முதலில் கையிலுள்ள வேலையை விட்டுவிடக் கூடாது. ரா.பி. சேதுப்பிள்ளை, அ.ச. ஞானசம்பந்தன், சாலமன் பாப்பையா ஆகிய மூவரும் ஆசிரியர்களாக இருந்துகொண்டே மேடையை ஆண்டவர்கள் என்பது தற்செயலாக நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வகுப்பறை நாள்தோறும் பேசவைக்கிறது. கேட்பவர் கொட்டாவி விடுவதை மூன்றடி தூரத்தில் காட்டுகிறது. மாதச் சம்பளம், வேண்டாத அழைப்பை மறுக்கும் தைரியத்தைக் கொடுக்கிறது. ஆசிரியர் அல்லாதவர்களுக்கு, 1924இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா ஊரில் ரால்ப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் போன்ற சங்கங்கள் நம் நகரங்களிலும் இருக்கின்றன. அங்கே பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளைக் காட்டி நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். அதற்கெனவே ஒரு முறை போய்வரலாம். அடுத்தது, சொந்தமாக ஒரு பொருள். எல்லாவற்றையும் பற்றிப் பேசக்கூடியவர் என்று பெயர் எடுத்தவரை, வேறு யாரும் கிடைக்காதபோதுதான் அழைப்பார்கள். சேக்கிழாரோ, சேமிப்போ, சிறுதானியமோ, தம் வாழ்க்கையே உரைகல்லாக அறிந்த ஒன்றைப் பற்றி, ஒரு மணி நேரப் பேச்சு ஒன்றை ஆயத்தம் செய்து, கிராமத்து நூலக வாசகர் வட்டம், பள்ளிக்கூடம், சுழற்சங்கம் என்று சிற்றிடங்களில் பேசிப் பேசித் தேய்த்து மெருகேற்றவேண்டும்.

சன்மானத்தைப் பற்றி வாயால் கேட்கக் கூச்சமாக இருந்தால் கடிதத்தால் கேட்கலாம். அழைப்பை ஒப்புக்கொள்ளும் பதிலிலேயே, தொகை இவ்வளவு, வழிச்செலவு தனி, பாதி முன்பணமாக அனுப்பவும் என்று எழுதிவிட்டால், நேர்மையான காரியதரிசி கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்துக்கொள்கிறவருடைய மேடையை இழப்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. இலவசமாகப் பேச விரும்பும் இடங்களுக்கு இலவசமாகவே பேசலாம். அதையும் முன்பே சொல்லிவிடவேண்டும். அதே கடிதத்தில், அழைத்துப்போக வருகிறவர் பெயரையும், எந்த நேரத்துக்கு மைக் கையில் கிடைக்கும் என்பதையும் கேட்டு எழுதி வாங்குவது அவசியம். அழைப்பிதழில் மாலை ஆறு மணி என்று அச்சிட்டிருக்கும். இறைவணக்கம், வரவேற்புரை, முன்னிலை வகிப்போர் உரை, வாழ்த்துரைகள், நினைவுப் பரிசுகள், புரவலருக்குப் பாராட்டு எல்லாம் ஆனபின், பாதி நாற்காலிகள் காலியாகிவிட்ட ஒன்பதரை மணிக்கு, “நேரம் மிகுதியாகிவிட்ட காரணத்தால் சிறப்புப் பேச்சாளர் சுருக்கமாக” என்று அறிவிப்பார்கள். அந்தச் சமயத்துக்கென்று, ஒரு மணி நேரப் பேச்சின் இருபது நிமிஷ வடிவம் ஒன்றையும் வீட்டிலேயே ஒத்திகை பார்த்து வைத்துக்கொண்டு புறப்படுவது நல்லது.